கனெலின் குளிர்கால ரோமம்

கர்க்லாண்ட், கெபெக்,
ஏப்ரல் 24.

அன்பு மகன் உதயனுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாமாங்கேஸ்வரர் கிருபையாலும் அம்மா ஒரு நாளும் விடாமல் சொல்லும் செபமாலையாலும் இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமாக இருக்கிறோம். பேர்த்தில் நீயும் மருமகள் நிருஷாவும் பேரன் அனுஜனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் நினைப்பு. எனது முழங்கால் பரவாயில்லை. அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருப்பதாக வைத்தியர் சொன்னார், அதைக் கேட்ட அன்றே அம்மா தித்திப்பாக வட்டிலப்பம் செய்தார். பனி முழுவதும் போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் பின்வளவில் வேலியோரம் ஒரு குவியல் இன்னும் கறுத்துப்போய்க் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாம் தரம் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம் என்று நீ கேட்பாய். நீ வேகமாகக் கதைக்கிறாய் மகன், நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் ‘ஓம், ஓம்’ என்று சொல்லிவிடுகிறேன். மார்ச் முதல் வாரம் உனக்குச் சொன்ன ஓமும் அப்படிப்பட்டதுதான். நீ கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தங்கச்சி கௌசலா பத்து வருடம் மருந்து ஆய்வுகூடத்தில் நல்ல வேலையில் இருந்துவிட்டு அதை உதறிக் குதிரை லாயத்தில் சாணம் அள்ளுகிறாள், முப்பத்தெட்டு வயதாகிறது, பேர்த்தில் உனக்குத் தெரிந்த ஆய்வுகூடத்தில் ஓர் இடம் வருகிறது, மே முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், அவளைச் சம்மதிக்க வைப்பது என்னுடைய பொறுப்பு, நான் சொன்னால் அவள் கேட்பாள். இவ்வளவையும் நீ சொன்னாய், நான் ஓம் என்றேன். அந்தப் பொறுப்பை நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுவதற்கே இந்தக் கடிதம்.

உனக்கு என் குணம் தெரியும். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்த காலத்திலும் ஒரு கோடு போடுவதற்கு முன் நான்கு தரம் அளப்பேன். ஆகவே கௌசலாவுக்குச் சொல்ல வேண்டியவற்றை ஒரு சின்னக் கொப்பியில் நான்கு குறிப்பாக எழுதினேன். ஒன்று, வயதும் ஓய்வூதியமும். இரண்டு, இடுப்பும் முதுகும் இந்த வேலையை எத்தனை வருடம் தாங்கும் என்பது. மூன்று, அண்ணனுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பது. நான்கு, படித்த படிப்பு. வீட்டில் அம்மா இருப்பதால் காரில் சொல்வது நல்லது என்று தீர்மானித்து, மார்ச் பதினைந்தாம் திகதி சனிக்கிழமை, லாயத்தைப் பார்க்க நானும் வருகிறேன் மகள் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். லாயம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி இருக்கிறது, இருபத்தைந்து நிமிட ஓட்டம். இருபத்தைந்து நிமிடமும் நான் கொப்பியைச் சட்டைப்பையில் தடவிக்கொண்டு ரோட்டில் இருக்கும் குழிகளைப் பற்றிக் கதைத்தேன். அங்கே இறங்கியதும் அவள் என் வலது கையில் ஒரு வட்டமான றப்பர் சீப்பைக் கொடுத்து, சும்மா நிண்டா குளிரும் அப்பா, வாங்க, பதினொரு குதிரை இருக்கு என்றாள்.

குதிரைகள் குளிர்காலத்துக்கென்று அடர்த்தியாக ரோமம் வளர்த்து, வசந்தத்தில் அதை உதிர்க்கும் என்பதைப் படித்திருக்கிறேனே தவிர, அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. வெயில் சூடு ஏறித்தான் உதிர்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். பகல் நீள்வதைக் குதிரையின் கண் கணக்கெடுக்கிறதாம், அதனால் முழங்காலளவு பனி கிடக்கும்போதே பெப்ரவரி கடைசியில் தொடங்கிவிடுமாம். இதை அவள் எனக்குச் சொன்ன விதம், அவள் பழைய வேலையைப் பற்றிச் சொல்லும்போது ஒருநாளும் நான் கேட்காத விதம். றப்பர் சீப்பைச் சிறு வட்டமாகச் சுற்றித் தேய்த்தால் செத்த ரோமம் கிளம்பி மேலே வரும், பிறகு விறைப்பான தூரிகையால் வெளிப்பக்கமாக உதறி எடுக்க வேண்டும், கடைசியில் மெல்லிய தூரிகை. முதுகெலும்பின் மேலும் காலிலும் முகத்திலும் அழுத்தக் கூடாது. பின்பக்கமாகப் போவதானால் கையை அதன் மேல் வைத்தபடியே போக வேண்டும், அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று அதற்குத் தெரியும். நான் தலை வாருவது போல நீட்டி இழுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, அப்பா, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திறீங்களா, பின்னலும் போட்டு விடுங்க என்று சிரித்தாள். ரோமம் வாயில், மூக்கில், மூக்குக்கண்ணாடிக்குள், அவள் தந்த தேத்தண்ணிக்குள். ஒரு குதிரையிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய வந்தது. முற்றத்தில் விழுந்ததைச் சிட்டுகள் வந்து கூட்டுக்குக் கொண்டுபோயின. சுகமான இடத்தைத் தேய்த்தால் குதிரை கழுத்தை நீட்டி, மேலுதட்டை முன்னால் இழுத்து நடுங்க வைக்கும், அந்த முகத்தைப் பார்த்தால் நீயும் சிரிப்பாய். வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்களைக் கராஜுக்குள்ளேயே நிறுத்தி, உடுப்புகளை அங்கேயே கழற்றச் சொன்னார். அப்பனும் மகளும் சேர்ந்து எனக்கு ஆஸ்மா வர வைக்கப் போறீங்க எண்டு ஏசினார். அடுத்த சனிக்கிழமை நான் திரும்பவும் போனேன், கொப்பியும் கூட வந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

லாயத்தின் சொந்தக்காரி மிரேய் என்ற கெபெக் பெண்மணி, என்னைவிட நான்கைந்து வயதுதான் குறைவாக இருக்கும், மனதில் உள்ளதை அப்படியே சொல்பவர், பிரெஞ்சில்தான் சொல்வார். அவருடைய குதிரைகளில் கனெல் என்று ஒரு கிழட்டுப் பெண்குதிரை, இருபத்தாறு வயது, கறுவாப் பட்டையின் நிறம். கௌசலா ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த இடத்தில் எந்தத் திகதி ரோமம் கிளம்பியது, எவ்வளவு தின்றது, உடம்புச் சூடு எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறாள். மார்ச் நடுவில் பத்துக் குதிரைகளுக்கும் கழுத்தும் தோளும் உதிர்ந்திருக்க, கனெலுக்கு மட்டும் ஒன்றும் கிளம்பவில்லை. கிழடு, மெதுவாத்தான் கொட்டும் என்று எல்லோரும் சொன்னார்களாம். அவள் போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டி, போன வருசம் இதே நாளில இதுக்கு முதுகு வரைக்கும் கொட்டிட்டு எண்டு காட்டி, மிருக வைத்தியரைக் கூப்பிட வைத்தாள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூளைக்குக் கீழே உள்ள சின்னச் சுரப்பியில் கோளாறு. உதிராத ரோமம்தான் அந்த நோயின் அடையாளமாம். இப்போது தினமும் ஒரு குளிசை, அப்பிள் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கிறாள். மகன், நாலாம் குறிப்பில் படித்த படிப்பு என்று நான் எழுதியிருந்தேன். அன்றைக்கு அதை மனதிற்குள் ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன்.

இனி எழுத வேண்டியது எனக்கு வெட்கமானது. அம்மா எழுத வேண்டாம் என்கிறார், ஆனால் இதை விட்டுவிட்டால் மிச்சம் உனக்கு விளங்காது. கனெலைத் தேய்க்கும் வேலை என்னுடையதாகியிருந்தது, ஏனென்றால் அது சாது, எனக்கும் பயமில்லை. எவ்வளவு தேய்த்தும் ரோமம் வறண்டு ஒட்டிக்கொண்டே இருந்தது, தோலில் பொடுகு போல வெள்ளையாக இருந்தது. நீ ஆறு மாதப் பிள்ளையாக இருந்தபோது உன் உச்சந்தலையில் பொருக்குப் பிடித்து, அம்மா நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டு மெல்லிய சீப்பால் வாரி எடுத்தது என் நினைவுக்கு வந்தது. அது எவ்வளவு நன்றாக வந்தது. ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை, அம்மாவின் அலமாரியிலிருந்து ஒரு போத்தல் நல்லெண்ணெயை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். கேட்டால் வேண்டாம் என்பாளோ என்று பயந்து, செய்து காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். கௌசலா லாடம் அடிக்க வந்தவரோடு மறுபக்கம் நின்ற நேரத்தில் கனெலின் முதுகிலும் இரண்டு விலாவிலும் தேய்த்துவிட்டேன். ரோமம் படிந்து என்ன மினுக்கம். மிரேய் வந்து அதை வெளியே கொண்டுபோகும்போது, எவ்வளவு அழகு என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அன்று முழுவதும் நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு விடிய மழையும் பனியும் கலந்து காற்றோடு அடித்தது. ஏழு மணிக்கு மிரேய் கௌசலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கனெல் வேலியோரம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுங்குகிறது, மற்றப் பத்தும் நன்றாக நிற்கின்றன, என்ன என்று விளங்கவில்லை என்றாராம். அவள் உடுப்பை மாற்றிக்கொண்டு ஓடினாள், நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது மகன். ரோமம் சிலிர்த்து நிற்பதால்தான் அதற்குள் காற்றுத் தங்கிக் குதிரைக்குக் குளிராமல் இருக்கிறது என்று போன மாதம் அவளே சொல்லியிருந்தாள், நான் அதை எண்ணெயால் படிய வைத்திருக்கிறேன். ஏதாவது வேறு காரணமாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன். பெரிய ரோட்டில் ஏறிய பிறகு, நான்தான் மகள், நேற்று எண்ணெய் வைச்சனான் என்று சொன்னேன். அவள் எவ்வளவு என்றாள். முக்கால் போத்தல். எந்தெந்த இடம். கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை, வயிற்றில் இல்லை. எத்தின மணிக்கு. இரண்டு இருபதுக்கு. என்ன எண்ணெய், வேற ஏதும் கலந்ததா. நல்லெண்ணெய், கலக்கவில்லை. சரி, இது தெரிஞ்சதே பெரிய விசயம், தெரியாம இருந்தா காய்ச்சல், வயித்துவலி எண்டு எல்லாத்தையும் தேடிக்கொண்டு நிண்டிருப்பன் என்றாள். ஏன் அப்பா இப்படிச் செய்தீங்க என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்று வரைக்கும் கேட்கவில்லை.

அங்கே அவள் செய்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். முதலில் உடம்புச் சூடு பார்த்தாள், முப்பத்தேழு பாகைக்குக் கீழே, குதிரைக்கு முப்பத்தெட்டுப் பக்கம் இருக்க வேண்டுமாம். தன் கொப்பியில் கனெலுக்கு வழக்கமாக எவ்வளவு என்பது இருந்ததால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உடனே தெரிந்தது. உள்ளே கொண்டுவந்து வாய் நிறையக் காய்ந்த புல் போட்டாள், தின்பதுதான் குதிரைக்கு அடுப்பாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் குளிர்ந்துவிடும், கழுவாமல் விட்டாலும் ரோமம் எழும்பாது. ஆகவே கொதிநீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டு, துவாயை முக்கி, கை பொறுக்காத சூட்டில் பிழிந்து, ஓர் உள்ளங்கை அகல இடத்தை மட்டும் தேய்த்தாள். உடனே காய்ந்த துவாயால் ஒற்றி, ரோமத்தை எதிர்ப்பக்கமாகக் கிளப்பி விட்டு, கம்பளியால் மூடிவிட்டு, அடுத்த உள்ளங்கை அகலத்துக்குப் போனாள். ஒரு நேரத்தில் ஓர் இடம்தான் திறந்திருக்கும். நான் வாளியில் சுடுதண்ணீர் சுமந்தேன். மூன்றரை மணித்தியாலம். அவள் விரல்கள் சிவந்து வீங்கிவிட்டன. இடைக்கிடை குதிரையின் காதுக்குள் ஏதோ சொன்னாள், தமிழில்தான், இன்னும் கொஞ்சம்தான் மனே, இந்தா முடிஞ்சு போச்சு என்று. நாங்கள் உங்களுக்குக் காய்ச்சல் வந்த காலங்களில் சொன்ன சொல். அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இடையில் மிரேய் வந்து நின்று மூக்கை உறிஞ்சி, இது என்ன மணம் என்று கேட்டார். கௌசலா பதில் சொல்ல வாயெடுத்தாள், நான் மறித்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ‘செ முவா’, நான்தான் என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை மகளைச் சொல்லச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். கௌசலா துவாயைப் பிழிந்தபடி மொழிபெயர்த்தாள். நாற்பது வருசமா குதிரை வைச்சிருக்கன், பியர் ஊத்தினவனைக் கண்டிருக்கன், சீனிப்பாணி பூசினவனைக் கண்டிருக்கன், என்ர குதிரையை எண்ணெய் ஊத்திச் சலாட் ஆக்கினது உங்கட அப்பாதான் முதல் ஆள் எண்டு சொல்றா. பிறகு மிரேய் சிரிக்காமல் இன்னொன்று சொன்னார், அதை அவள் மொழிபெயர்க்க மறுத்தாள். நான் விடாமல் கேட்டதால், முகத்தைக் குதிரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் இல்லாட்டி இந்தக் குதிரை மார்ச்சிலேயே போயிருக்குமாம், இண்டைக்குக் காப்பாத்தினது ரெண்டாவது தரமாம் என்றாள். பதினொன்றரைக்குக் கனெலின் நடுக்கம் நின்றது. உடம்புச் சூடு பழைய கணக்குக்கு வந்தது. அதை அவள் எழுதி, நேரத்தையும் போட்டாள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

திரும்பி வரும்போது, இனியும் ஒளித்து வைத்திருப்பது சரியில்லை என்று கொப்பியை எடுத்து நான்கு குறிப்பையும் வாசித்தேன். நீ கேட்டுக்கொண்டது என்பதையும் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. நாலாவது அண்ணாட குரல்லேயே கேக்குது என்று சிரித்தாள். பிறகு, ஓய்வூதியம் பற்றி அண்ணா சொல்றது சரிதான், அதை நானும் யோசிக்காம இல்ல என்றாள். கொஞ்சத் தூரம் போய், அப்பா, இதில உங்கட எது என்று கேட்டாள். நான் கொப்பியை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டெப்பனர் கடையில் பால் வாங்கக் காரை நிறுத்தினாள். அவள் கதவைத் திறக்க முன், என்னுடையது இதில இல்ல மகள், நீ இஞ்சயே இரு, உனக்குரிய வேலை இதுதான் என்று சொன்னேன். நான் யாரிடமும் கேட்காமல், அம்மாவிடமும் கேட்காமல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பால் ரெண்டு வீதக் கொழுப்பா ஒண்டு வீதமா அப்பா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது, கையில் பால் இருக்கவில்லை. வீட்டில் அம்மா முழுக் கதையையும் கேட்டார். சொந்தத் தலையில தடவ மயிரில்லை எண்டு குதிரையைத் தேடிப் போயிருக்கிறீங்க எண்டு என்னைச் சொல்லிவிட்டு, கௌசலாவின் விரல்களுக்கு மருந்து பூசிவிட்டார். உன் பக்கம் நின்றவர்தான் அவரும். மறுநாள் மிரேய்க்கென்று ஒரு பெட்டி கட்லெட் செய்து கொடுத்துவிட்டார், அதற்கு மேல் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மகன், நீ தங்கச்சிக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுடைய முதுமைக்கு என்ன வழி என்ற உன் கேள்வி நியாயமானது, அதை நாங்கள் மூன்று பேருமாக இருந்து கதைத்து ஒழுங்கு செய்வோம். ஆனால் அந்த விண்ணப்பப் பேச்சை நிறுத்திவிடு. நான் கண்டதை நீ காணவில்லை. ஐம்பது வருடம் ஒழுங்கு ஒழுங்கு என்று வேலை செய்த நான், பதறாமலும் யாரையும் குற்றம் சொல்லாமலும் ஒரு உயிரை உள்ளங்கை உள்ளங்கையாக மீட்டெடுக்கும் ஒருத்தியை அன்றுதான் கண்டேன், அவள் என் பிள்ளை. நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம், என் கணிப்புகள் எப்படிப்பட்டவை என்று எண்ணெய்க் கதையில் நீயே பார்த்தாய். அப்படியிருந்தும் இதை மாற்றமாட்டேன். மார்ச்சில் உனக்குச் சொன்ன சம்மதத்தை இந்தக் கடிதத்தோடு திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

குளிசை தொடங்கியதாலோ என்னவோ, போன சனிக்கிழமை கனெலின் கழுத்தில் றப்பர் சீப்பை வைத்தபோது முதல் தடவையாக ஒரு பிடி ரோமம் கையோடு வந்தது. கௌசலா ஓடிவந்து பார்த்துவிட்டுத் திகதியை எழுதினாள்.

எல்லாம் வல்லவர் உனக்கும் நிருஷாவுக்கும் அனுஜனுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல மனநிம்மதியும் தரட்டும். அனுஜனைத் தமிழில் கதைக்க விடு, பிழை பிழையாகக் கதைத்தாலும் திருத்தாதே. அங்கே இப்போது குளிர் தொடங்கும் காலம், உன் பழைய சளியைக் கவனித்துக்கொள். முக்கியமாக ஒன்று. வரும் ஞாயிறு தங்கச்சி வீட்டில் இருப்பாள், அவளைக் கூப்பிடு. வேலையைப் பற்றி எடுக்காதே, அவளும் எடுக்கமாட்டாள். உனக்குக் கோபம் இருந்தால் அதை அவளிடம் காட்டாமல் என்னிடம் காட்டு. பிள்ளைகளின் கோபத்துக்கு நான் எப்போதும் பயந்தவன்தான், இந்த முறை தாங்கிக்கொள்வேன்.

உன் அன்புள்ள அப்பா,
த. கனகசிங்கம்
(அம்மா றோசலினும் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்)